மேல் வீட்டு மாசானம்

ஆள் இல்லாத வீட்டில் மீட்டர் ஓடுகிறது என்று கிருபைராஜ் வந்து சொன்னபோது சுப்ரஜாவுக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆலடிக்குறிச்சியில் பாதி ஜனத்துக்கு அவள் பெயர் தெரியாது, கரண்டு ஆபீஸ் அம்மா என்றால்தான் தெரியும். மின்வாரியத்துக் கணக்குப் பிரிவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். அவள் வாசலில் நின்று அவள் வீட்டு மீட்டரையே ஒருத்தன் குறை சொன்னால் எப்படி இருக்கும்?

"கீழ் வீடு சரியா இருக்கு யக்கா. மேல் வீட்டுலதான் யூனிட் ஏறிக் கெடக்கு," என்றான் கிருபைராஜ். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவன், ஆபீஸில் பழக்கமானவன். "இன்னா பாருங்க, செவப்பு லைட்டு மினுங்குது. இப்பவும் மேல என்னமோ ஓடுது."

"மேல யாருடே இருக்கா? அவர் ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. கதவு பூட்டிக் கெடக்கு. மெயினையும் நான்தான் அணைச்சேன்."

"அப்ப அந்த ஃபேன் சத்தம்?"

ரெண்டு பேரும் மேலே பார்த்தார்கள். சித்திரை மாதத்து உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கை இல்லை. மாடியிலிருந்து டக், டக், டக் என்று வந்தது. சுற்றுக்கு ஒரு தடவை தட்டுகிற பழைய ஃபேன் அது. மாற்றித் தருகிறேன் என்று சுப்ரஜா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே குடியிருந்தவன்தான் வேண்டாம் என்பான், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் உறக்கம் வராது என்பான்.

"எர்த் லீக்கேஜா இருக்கும் யக்கா," என்று சொல்லிவிட்டுக் கிருபைராஜ் வண்டியை எடுத்தான். எர்த் லீக்கேஜுக்கு ஃபேன் சுற்றாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? போன வேகத்தில் பேனாவை ஜன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சுப்ரஜா சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பூட்டு அவள் பூட்டினபடியே இருந்தது. திறந்தால் ஃபேன் நின்றிருந்தது, இறக்கைமேல் தூசி படிந்திருந்தது. ஆனால் அறை முழுக்கக் கருப்பட்டிக் காப்பி வாசம். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன அலுமினியக் குடுவையில் அவன் போடுகிற காப்பி. வேறு யாரும் அப்படி ஒரு கண்றாவியைக் குடிக்கமாட்டார்கள். அந்தக் குடுவை அடுப்பு மேடையில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

சுவரில் ஆணியில் ஒரு மஞ்சள் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத அறையில் அது மட்டும் பைய ஆடியது. சுப்ரஜா கதவைப் பூட்டிவிட்டுக் கீழே வந்து ரெண்டு செம்பு தண்ணீர் குடித்தாள்.

மேல் வீட்டில் இருந்தவன் பெயர் மாத்தேய். ஊர் ஸ்லோவேனியா. எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் காதில் அது சிலோன் என்றுதான் விழுந்தது. சிலோன்காரன் இவ்வளவு வெள்ளையாகவா இருப்பான் என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள். அப்புறம் அவன் அடிக்கடி பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவதைப் பார்த்ததும் அவள் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

கொழும்புக்கு அவன் போனது வேறு காரியத்துக்கு. அவன் கையில் இருந்தது சுற்றுலா விசா. ஒரு தடவை வந்தால் இத்தனை நாள்தான் தங்கலாம் என்று அதில் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முடிகிற சமயத்தில் கொழும்பில் போய் ரெண்டு ராத்திரி படுத்து எழுந்து, இந்தியாவைப் புதிதாகப் பார்க்க வருகிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிவருவான். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சலவை எந்திரத்தோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்களே, யாரும் படிக்காமல் பரணில் தூக்கிப் போடுவது, அதைத் தன் மொழியில் பெயர்த்து அனுப்புவான். அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். மணிமுத்தாறு அருவி பார்க்க வந்தவன், திரும்புகிற வழியில் பஸ் பழுதாகி ஆலடிக்குறிச்சியில் இறங்கினான். அடுத்த பஸ்ஸில் ஏற அவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

வந்த ஒரு வருஷத்தில் தமிழ் பேசிவிட்டான், அதுவும் நம்ம திருநெல்வேலித் தமிழ். எல்லாவற்றுக்கும் "பைய" என்பான். பைய நடங்க, பைய ஊத்துங்க, காப்பி பைய கொதிக்கட்டும். பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான்.

"போறவங்க ஏன் 'வாரேன்'னு சொல்லுதாங்க?" என்று ஒருநாள் கேட்டான். "கதவைத் தாண்டிப் போயிக்கிட்டே 'அப்ப நான் வாரேன்'ங்காங்க. வரலியே, போறாங்கதானே?"

"'போறேன்'னு சொன்னா ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தம். அந்த வார்த்தையே வாயில வரப்பிடாது."

"அப்ப 'வாரேன்'னு சொன்னா திரும்பி வந்துதான் ஆகணுமா?"

"ஆமா, சொல்லிட்டு வராம இருந்தா எப்படி?" என்று சுப்ரஜா சிரித்தாள்.

அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? ஒவ்வொரு வரனாகத் தட்டிப்போய், அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றி, அவரும் போய்ச் சேர்ந்து, நாற்பத்துமூன்று வயதில் அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாக இருந்தவள். மாடியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்கிற்று. அவனுக்கும் இருந்திருக்கும். ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அதற்கென்ன அவசரம், இங்கேதானே இருக்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் சட்டம் இறுகியது. கடைசியாகக் கொழும்பிலிருந்து வந்தபோது விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினாராம். "சுற்றிப் பார்க்க வருகிறவர் நாலு வருஷமாக ஒரே தெருவையா சார் சுற்றிப் பார்ப்பார்? நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள். அதற்கு இது விசா இல்லை. இனி இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் விடமாட்டோம்."

மாத்தேய் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அவர் சொன்னது சரிதான? பேப்பர்ல சுத்திப் பாக்க வந்தவன் ஒருத்தன். இங்கன இருக்கவன் வேற ஒருத்தன்." சுப்ரஜாவுக்கு அந்த அதிகாரிமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனைக்கும் அவளும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள்தான், நாலு பேருக்குச் சட்டம் பேசுகிறவள்தான்.

மாசி மாதம் எல்லை இசக்கியம்மனுக்குக் கொடை விழா. ஊருக்கு வெளியே வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் அம்மன் பீடம். பூசை வைப்பது வன்னியராஜ், பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் கடை போட்டிருப்பவர். அவர் வசூலுக்கு வந்தபோது மாத்தேயும் பணம் நீட்டினான்.

"நன்கொடைன்னு எழுதிரட்டா?" என்று வன்னியராஜ் கேட்டார்.

"அதுக்கும் வரிக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சி?"

"நன்கொடை வெளியூர்க்காரன் குடுக்கது. வரி உள்ளூர்க்காரன் குடுக்கது."

"அப்ப எனக்கு வரி," என்றான் மாத்தேய். வன்னியராஜுக்கு வாயெல்லாம் பல்.

வரி கொடுத்த வீட்டுக்கு ஒரு ஆள் காப்புக் கட்டவேண்டும். மஞ்சள் நூல், அதில் ஒரு துண்டு மஞ்சள். கட்டிவிட்டால் கொடை முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. மாத்தேயும் வரிசையில் போய் நின்றான், கையை நீட்டினான். அம்மனுக்குக் கேட்கிற மாதிரிப் பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டுமே, வன்னியராஜுக்கு அந்தப் பெயர் நாக்கில் ஏறவில்லை.

"மாத்தே... இந்தப் பேரை அம்மைகிட்ட எப்படிவே சொல்லுதது? அவ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்று யோசித்தவர், "மாசானம்!" என்று உரக்கச் சொன்னார். "எம்மா, மாசானத்துக்குக் காப்பு. உன் எல்லைக்குள்ள இருக்கான், பாத்துக்க."

கூட்டம் சிரித்தது, மாத்தேயும் சிரித்தான். வன்னியராஜ் கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் நூலைப் பக்கத்தில் நின்ற சுப்ரஜாவிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். அவள் கட்டினாள். "மஞ்சக் கயிறை ஆம்பள கட்டித்தான் பாத்திருக்கோம். மூணு முடிச்சு போட்டுராதம்மா, ரெண்டு போதும்," என்று ஆறுமுகத்தாய் சொல்ல, பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். சுப்ரஜாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

விசா முடிகிற நாள் கொடைக்கு முன்னால் விழுந்தது. நாள் கணக்கை அவன் தப்பாக எண்ணியிருந்தான். காப்புக் கட்டிவிட்டு எப்படிப் போவது என்று மாத்தேய் தயங்கினான். சுப்ரஜாவுக்குக் கிலி, ஒருநாள் கூடுதலாக இருந்தாலும் அவனை ஜென்மத்துக்கும் விடமாட்டார்களோ என்று.

"விசா முடியப் போவுது, இப்பப் போயி காப்பாவது கத்தரிக்காயாவது. புது விசா எழுதிப் போட்டா மூணு நாள்ல வந்துரப் போறிய. வந்து கட்டிக்கிடலாம்," என்று அவளே அந்த நூலை முடிச்சை அவிழ்க்காமல் மணிக்கட்டிலிருந்து உருவி ஆணியில் மாட்டினாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் வாசலில்.

"வாரேன்," என்றான் மாத்தேய்.

வரவில்லை. கொழும்பில் அவன் மறுபடி போட்ட விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அங்கிருந்தபடியே அவன் தன் ஊருக்கு விமானம் ஏறினான்.

மீட்டர் கதைக்கு வருவோம். குடுவை சுட்ட மறுநாள் ஆறுமுகத்தாய் தெருவில் நின்று கூப்பிட்டாள். "எம்மா, உங்க மாசானம் எப்ப வந்தாரு? உச்சி வெயில்ல மொட்டமாடியில நிக்காரே. கூப்பிட்டா சிரிக்காரு, பதில் சொல்ல மாட்டுக்காரு. என்னமும் கோவமா?"

சுப்ரஜா வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். வெறும் மாடி. கொடியில் துணிகூட இல்லை.

"இன்னா நிக்காருல்லா!" என்றாள் ஆறுமுகத்தாய், கையை நீட்டி.

அதுதான் கொடுமை. ஊருக்கெல்லாம் அவன் தெரிந்தான். பால்காரர் பார்த்தார், பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். "சாருக்கு விசா கெடச்சிட்டா?" என்று அவளிடமே கேட்டார்கள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்குச் சத்தம்தான். செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம், ஃபேன் தட்டுகிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம். மாடியில் அவன் வளர்த்த நந்தியாவட்டைச் செடிக்கு அவள் தண்ணீர் விடுவதே இல்லை. தினமும் காலையில் தொட்டி ஈரமாக இருந்தது.

முதல் சில நாள் அவள் விளக்கை அணைக்காமல் படுத்தாள். அம்பாசமுத்திரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு பயம் தேய்ந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, மேலதிகாரி தன்னைத் திட்டினதை வாய்விட்டுச் சொன்னாள். செருப்புச் சத்தம் பைய வந்து மேல்படியில் நின்றது. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றது. அதற்கப்புறம் தினமும் சொன்னாள். நாலு வருஷமாக அவனிடம் சொல்லாததையும் ஒருநாள் சொன்னாள். மேல்படியில் பலகை கிறீச்சிட்டது, ஆள் உட்கார்ந்தால் கிறீச்சிடுமே அப்படி.

அவள் சந்தோஷமாக இருந்தாள். விசா கேட்க ஆள் இல்லை, கொழும்பு கிடையாது, இவனை எவனும் பிடித்து அனுப்ப முடியாது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள்.

ஸ்லோவேனியாவில் இருந்தவன்தான் இளைத்துக்கொண்டு வந்தான். மாத்தேய் வாரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். முதலில் பசி இல்லை என்றான். பிறகு உறக்கம் இல்லை என்றான். ஒருநாள் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு, "கடைவாசல்ல கண்ணாடிக் கதவு ஆள் வந்தா தானாத் திறக்கும்லா? எனக்குத் திறக்க மாட்டுக்கு," என்றான். "பின்னால வேற யாராவது வந்தாத்தான் உள்ள போறேன். டாக்டர் எல்லாம் சரியா இருக்குங்காரு. கண்ணை மூடினா நம்ம வாய்க்கால் பாலம்தான் தெரியுது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கேன், தாண்ட முடியல."

சுப்ரஜா மாடியைப் பார்த்தாள். மேலே யாரோ செருமினார்கள். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை.

இருந்தாலும் மனசு கேட்குமா? மறுநாளே வன்னியராஜின் பஞ்சர் கடைக்குப் போனாள். அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்தபடியே அவள் சொன்னதைக் கேட்டார்.

"நானும் பாத்தேன் எம்மா. நேத்துக்கூட பாலத்துப் பக்கம் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனாரு," என்றார். "போனவன் பேரு வேற, இருக்கவன் பேரு வேற. ஏரோப்ளேன்ல ஏறினது மாத்தேயு. மாசானத்துக்கு அம்மை எங்க உத்தரவு குடுத்தா? காப்பு கட்டுன ஆளு, காப்பு அவுக்காம எல்லையைத் தாண்ட முடியாதுல்லா."

"அப்ப என்ன அண்ணாச்சி செய்ய?"

"எனக்கு என்ன தெரியும்? இப்படி ஒண்ணு நம்ம ஊர்ல நடந்ததே இல்ல. தோணுததைச் சொல்லுதேன். கட்டுன கைதான் அவுக்கணும். நூலை எடுத்துக்கிட்டு அவரைப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. நூலைத் தண்ணியில விட்டுட்டு, பேரைச் சொல்லிப் 'போ'ன்னு சொல்லு. 'போயிட்டு வா'ன்னு சொல்லிராத, அப்புறம் திரும்பவும் வந்து நிப்பாரு. 'போ', அவ்வளவுதான்."

"அனுப்பலன்னா?"

வன்னியராஜ் டியூபை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அங்கன உள்ள ஆளு தேஞ்சு போவாரு. ஒரு உசுரு எத்தன வீட்டுலதான் எம்மா இருக்கும்?"

அதற்கு மேலும் ஒரு வாரம் அவள் அனுப்பவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒவ்வொரு நாளும், நாளைக்கு, நாளைக்கு என்று படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளும் மனுஷிதானே. அப்புறம் மாத்தேயின் தங்கை ஒரு போட்டோ அனுப்பினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். சட்டைக்குள் ஆளே இல்லை. போர்வைமேல் கிடந்த கையில், மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு தடம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகவில்லை என்று தங்கை எழுதியிருந்தாள்.

சுப்ரஜா கேவிக் கேவி அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மாடி ஏறினாள். ஆணியிலிருந்து நூலை எடுத்தாள். "வாங்க, போவோம்," என்றாள் வெற்று அறையைப் பார்த்து.

உச்சிப்பொழுது. தார் இளகியிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் வந்தது, அவள் நின்றால் அதுவும் நின்றது. ஆறுமுகத்தாய் வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமா இந்த வெயில்ல எங்கன போறிய?" என்று கேட்டாள். "குடை கொண்டு போனா என்ன?"

சுப்ரஜா நிற்காமல் நடந்தாள். ரெண்டு பேருமாக அவர்கள் அந்தத் தெருவில் நடந்து போனது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் பார்த்தாள். அவள் நிழல் ஒன்றுதான் காலடியில் சுருண்டு கிடந்தது.

பாலத்தில் யாரும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைவாக, சத்தமில்லாமல் ஓடியது. இசக்கியின் பீடத்தில் காய்ந்த அரளி மாலை. சுப்ரஜா கும்பிட்டுவிட்டு நூலைத் தண்ணீரில் விட்டாள். அது ஓட்டத்தோடு போகாமல் அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழேயே நின்று சுற்றியது.

"மாசானம்," என்றாள். "போயி..." என்று வந்துவிட்டது வாயில். நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்து அவள் அப்படிச் சொன்னதில்லை, அப்பாவின் பாடையைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. காதுக்கு மிக அருகில், யாரோ மூச்சு விடுவது கேட்டது. கருப்பட்டிக் காப்பி வாசம் அடித்தது.

"போ," என்றாள்.

நூல் விடுபட்டுத் தண்ணீரோடு போயிற்று. செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது, பைய நடந்தது, அக்கரையில் புழுதிமேல் இறங்கியது. பிறகு கேட்கவில்லை. சுப்ரஜா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கரையைப் பார்த்து, "அப்ப நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். என்ன சொன்னோம் என்று அவள் யோசிக்கவில்லை. ஒருத்தரை விட்டுவிட்டுக் கிளம்பும்போது வாய் தானாகச் சொல்வதுதானே.

திரும்பும்போது ஆறுமுகத்தாய் இன்னும் வாசலில்தான் இருந்தாள். சுப்ரஜா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆறுமுகத்தாய் வெறுந்தெருவைப் பார்க்கிறவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டே புளியை உடைத்தாள்.

வீடு ஓய்ந்துவிட்டது. ஃபேன் தட்டவில்லை, நந்தியாவட்டை வாடியது. ஆனால் நல்ல சேதி வந்தது. மாத்தேய் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டானாம். நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தங்கை எழுதினாள். சுப்ரஜா அதைப் படித்துப் படித்து ஆறுதல் பட்டுக்கொண்டாள். அவளுக்குத்தான் சோறு உள்ளே இறங்கவில்லை. ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆபீஸில் கைரேகை எந்திரம் அவள் விரலை எடுக்கவில்லை. மஞ்சள் கிழங்கு உரசின விரல், தேய்ந்திருக்கும் என்று பியூன் சொன்னார்.

ஆனி பிறந்து சாரல் காற்று வீசத் தொடங்கியதும் கிருபைராஜ் ரீடிங் எடுக்க வந்தான். சுப்ரஜா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "யக்கா! வீட்டுல ஆள் இல்லியா?" என்று கத்தினான்.

"இங்கனதான நிக்கேன்."

"ஏ யப்பா!" என்று அவன் தூக்கிவாரிப் போட்டுப் பின்னால் போனான். "சத்தியமாப் பாக்கல யக்கா. வெயில்ல இருந்து வந்தேன்லா, கண்ணு இருட்டிட்டு." மீட்டர் பெட்டியைத் திறந்தான். "மேல் வீடு நின்னுட்டு. நல்லது." கீழ் வீட்டு மீட்டரைக் குனிந்து பார்த்தான். "கீழ் வீட்டுலயும் லைட்டு மினுங்கலியே? யூனிட்டும் ஏறல. ஊருக்குப் போயிருந்தியளா?"

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கயும் போகலியே," என்றாள் சுப்ரஜா.

"அப்ப மீட்டர்தான் செத்துட்டு போல. மாத்திருவோம்," என்று அவன் போனான்.

அவன் போனதும் போன் அடித்தது. மாத்தேய்தான். குரல் பழையபடி கணீரென்று இருந்தது. நன்றாக உறங்குகிறேன், கதவெல்லாம் திறக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சுப்ரஜா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கப்பிடாது. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து என் வீட்டுல யாரோ இருக்காங்க. காலையில அடுக்களையில கடுகு வெடிக்குது. போயிப் பாத்தா அடுப்பு அணைஞ்சு கெடக்கு, சட்டி சுடுது. வளையல் சத்தம் கேக்குது. எதிர்வீட்டுக் கிழவர், யாரு அந்தச் சேலை கட்டின அம்மான்னு கேக்காரு. என் கண்ணுக்குத்தான் தெரியல."

சுப்ரஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிடவே இல்லை. பாலத்தில் நின்றதும், முகத்தைத் துடைத்ததும், அக்கரையைப் பார்த்துத் தான் சொன்ன சொல்லும் இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பயம் வந்தது. கூடவே, வெட்கம் கெட்டு, ஒரு சந்தோஷமும் வந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. வீடு நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தியளா?"

"என்ன பேரு?"

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். அவன் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த வீட்டின் உள்பக்கம் பார்த்து, பைய, "சுப்ரஜா?" என்று கூப்பிட்டது கேட்டது.

"இன்னா வாரேன்," என்றது அவள் குரல், அங்கே, அவன் அடுக்களையிலிருந்து.

ஆலடிக்குறிச்சியில் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்த சுப்ரஜா வாயைத் திறக்கவே இல்லை.